ஒரு விதை, இரண்டு மூலக்கூறுகள்

தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து கேம்பல் லேன் பக்கம் போனால், மளிகைக் கடைகளில் நலங்கு மாவுச் சாமான்கள் தனித்தனிப் பொட்டலங்களாகக் கிடைக்கும். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போக அரிசி. கடைசியில் உள்ள கார்போக அரிசி கறுத்த, சற்றே தட்டையான சிறு விதை, நாக்கில் கசக்கும். தாவரவியலில் அதன் பெயர் சொராலியா கோரிலிஃபோலியா. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் தோல் நோய்களுக்கு, முக்கியமாக வெண்புள்ளிகளுக்கு, நெடுங்காலமாகக் கைகொடுத்து வரும் சரக்கு இது.

1966இல் புனேயின் வேதியியலாளர்களான மேத்தா, நாயக், சுக் தேவ் ஆகிய மூவரும் இந்த விதையிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து, அதற்கு பகுச்சியால் என்று பெயரிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது ஆய்வேடுகளுக்குள்ளேயே கிடந்தது. இன்று ஆர்ச்சர்ட் ரோட்டின் அழகுசாதனக் கடைகளில், கண்ணாடிக் குப்பிகளில், முதுமையைத் தள்ளிப்போடும் சீரமாக விற்கிறது. நம் பாட்டிமார் அரைத்துப் பூசியதும் அந்தக் குப்பியில் இருப்பதும் ஒன்றுதானே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொண்டால், முதுமைத் தடுப்புப் பொருள்களின் அறிவியலில் பாதி புரிந்துவிடும். அதற்குமுன், சிங்கப்பூரில் ஒரு முகம் எப்படி மூப்படைகிறது என்று பார்க்க வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் தீவு இது. ஆண்டு முழுவதும் சூரியன் தலைக்கு மேலேயே நடக்கிறது. தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் புற ஊதாக் குறியீடு, வானம் தெளிந்த நாள்களில் நண்பகலையொட்டி 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11உம் அதற்கு மேலும் உச்ச அபாயம். நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத இன்னொன்றும் உண்டு. 1982இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. அலுவலகக் கூட்டம் சாப்பாட்டுக்காகச் சாலையில் இறங்கும் நேரமும் அதுவே.

புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை நம் தோலை எட்டுகின்றன. குறுகிய அலைநீளம் கொண்ட யுவி-பி பெரும்பாலும் மேல்தோலோடு நின்று, அங்குள்ள செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. நீண்ட அலைநீளம் கொண்ட யுவி-ஏ கண்ணாடியையும் கடந்து அடித்தோல்வரை இறங்குகிறது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. சன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. வலது கன்னம் பல ஆண்டு இளமையாக இருக்கிறது. மரபணு, உணவு, உறக்கம் எல்லாம் இரண்டு கன்னத்துக்கும் பொது. வேறுபட்டது வெயில் மட்டும். சிங்கப்பூர் டாக்சி, பேருந்து ஓட்டுநர்களுக்குச் சன்னல் வலப்பக்கம்.

உள்ளே நடப்பது இதுதான். அடித்தோலின் பெரும்பகுதி கொலாஜன் இழைகள். கயிற்றுக் கட்டிலில் பின்னிய கயிறு போல அவை குறுக்கும் நெடுக்குமாக ஓடித் தோலைத் தாங்குகின்றன. வெயில் பட்டதும் தோல் செல்களில் ஏபி-1 என்னும் புரதக் கூட்டு விழித்துக்கொண்டு, கொலாஜனை வெட்டும் நொதிகளை உற்பத்தி செய்யச் சொல்கிறது. இதற்குத் தோல் சிவக்கும் அளவு வெயில்கூடத் தேவையில்லை என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிஷர், வோர்ஹீஸ் குழுவினர் 1990களில் காட்டினார்கள். வெட்டுப்பட்டதைத் தோல் பழுதுபார்க்கிறது, ஆனால் முழுமையாக அல்ல. அந்தக் குறைப் பழுது ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சுருக்கமாகிறது.

நம் மாநிறத் தோலுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. சன்ஸ்கிரீன் குப்பிகளில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் கணக்கில் கறுத்த மேல்தோல் ஏறத்தாழ 13 அளவுக்குப் பாதுகாப்புத் தருகிறது, வெளுத்த மேல்தோல் 3 அளவுக்குத்தான் என்று 1979இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாம் இடையில் எங்கோ இருக்கிறோம். ஆகவே வெள்ளையருக்கு முப்பதுகளிலேயே வரும் கண்ணோரச் சுருக்கம் நமக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு தாமதமாகத்தான் வருகிறது. அதற்குப் பதிலாக நமக்கு முந்திக்கொண்டு வருவது நிறமாற்றம்: கன்னத்தில் மங்கு, நெற்றியோரத்தில் கருமை, சீரற்ற நிறம். மேலை நாட்டு விளம்பரங்கள் முதுமை என்றாலே சுருக்கம் என்று நம்மைப் பழக்கிவிட்டன. தமிழ் முகத்துக்கு எந்தப் பொருள் வேலை செய்யும் என்று தேடுபவர் சுருக்கத்தைவிடக் கருமையைத்தான் முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி, குப்பியில் இருப்பது தோலுக்குள் எப்படிப் போகிறது? மேல்தோலின் வெளிப்புறம் இறந்த செல்களும் அவற்றுக்கிடையே கொழுப்பும் அடுக்கடுக்காக இறுகிய படலம். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் வெளியாரை உள்ளே விடாமல் தடுப்பதில் அது மிகக் கெட்டி. மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு மேல் போனால் நலமான தோலைக் கடப்பது அரிது என்று 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் போஸ், மைனார்டி என்ற இருவர் ஒரு பொதுவிதி வகுத்தார்கள். கொலாஜன் ஏறக்குறைய 3,00,000 டால்டன். கொலாஜன் கலந்த கிரீமை எத்தனை ஆண்டு பூசினாலும் ஓர் இழைகூட அடித்தோலுக்குப் போய்ச் சேராது. மேலே ஈரப்படலமாக இருந்து கழுவும்போது போய்விடும். பெரிய மூலக்கூறான ஹயலுரானிக் அமிலத்துக்கும் இதே கதை. அது நீரைப் பிடித்துவைத்துத் தோலை உப்பச் செய்யும், குளிர்சாதன அறையில் எட்டு மணி நேரம் இருப்பவருக்கு அது நல்லதே. ஆனால் அந்த மாற்றம் ஒரு நாளுக்கானது.

ரெட்டினால் 286 டால்டன்தான், அந்த வரம்புக்குள் வருகிறது. வைட்டமின் ஏயின் ஒரு வடிவம். இதன் கதை முகப்பருவில் தொடங்குகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தை, அதாவது டிரெட்டினாயினை, முகப்பரு மருந்தாக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். பருவுக்காகப் பூசிய நடுவயதுப் பெண்கள் தங்கள் முகம் மென்மையாகி, சுருக்கம் குறைந்திருப்பதாகச் சொன்னதை அவர் கவனித்தார். 1986இல் அதை ஆய்வாக வெளியிட்டார். 1988இல் மிச்சிகனில் 30 பேரிடம் 16 வாரம், பூசுபவருக்கும் மதிப்பிடுபவருக்கும் எது மருந்து என்று தெரியாதபடி சோதித்தபோது பலன் உறுதியானது. பெரும்பாலானோருக்குத் தோல் எரிச்சலும் உரிதலும் வந்தன என்பதும் அதே ஆய்வில் பதிவானது.

இந்த அறிவுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கிளிக்மன் கைதிகளின் உடலில் பல பொருள்களைச் சோதித்தார். ரெட்டினாயிக் அமிலமும் அவற்றில் ஒன்று. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தங்கள் தோலில் பூசப்படுவது என்ன, அதன் தீங்கு என்ன என்று அவர்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021இலும் ஃபிலடெல்ஃபியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. இன்று உலகெங்கும் முகத்துக்குப் பூசும் ஒரு பொருளின் வரலாற்றில் அந்தக் கைதிகளின் முதுகுகளும் கைகளும் இருக்கின்றன.

ரெட்டினாயிக் அமிலம் செய்வது என்ன? செல்லின் கருவுக்குள் அதற்கென்றே ஏற்பிகள் உள்ளன. அவற்றில் போய் அமர்ந்ததும் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன, சில அடங்குகின்றன. வெயிலில் விழித்துக்கொள்ளும் ஏபி-1ஐ அது கட்டுப்படுத்துகிறது. கொலாஜன் வெட்டும் நொதிகள் குறைகின்றன. புதுக் கொலாஜன் உருவாகிறது. வெயிலால் மூப்படைந்த தோலில் பத்துப் பன்னிரண்டு மாதம் பூசிய பிறகு முதல்வகைக் கொலாஜன் உருவாக்கம் 80 சதவீதம் கூடியதை 1993இல் வெளியான ஆய்வு அளந்தது. மருந்தில்லாத கிரீம் பூசிய தோலில் அது 14 சதவீதம் குறைந்திருந்தது. கூடவே மேல்தோல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் தேங்கிய நிறமியும் உதிர்கிறது. எனவே நம் கருமைக்கும் இது உதவும்.

சிங்கப்பூரில் டிரெட்டினாயின் மருத்துவர் சீட்டில் மட்டுமே கிடைக்கும் மருந்து. அழகுசாதனத்தில் சேர்க்கத் தடை. கடையில் தாராளமாகக் கிடைப்பது ரெட்டினால். அதைத் தோல் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும். வழியில் பெரும்பகுதி வீணாகிறது. அதனால் வீரியம் குறைவு, எரிச்சலும் குறைவு. ஆனாலும் வேலை செய்கிறது. சராசரி வயது 87 கொண்ட 36 முதியவர்களின் மேல்கையின் உட்புறத்தில், வெயில் அதிகம் படாத இடத்தில், 0.4 சதவீத ரெட்டினாலை 24 வாரம் பூசிய ஆய்வு 2007இல் வெளியானது. நுண்சுருக்கங்கள் தெளிவாகக் குறைந்தன. எண்பத்தேழு வயதுத் தோலாலும் புதுக் கொலாஜன் உருவாக்க முடிகிறது என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை. கருவுற்றிருப்பவர்கள் மட்டும் வைட்டமின் ஏ வகை எதையும் தோலில் பூசாமல் இருப்பது நல்லது.

இப்போது கார்போக அரிசிக்கு வரலாம். பகுச்சியால் 256 டால்டன். வடிவத்தில் ரெட்டினாலுக்கும் அதற்கும் ஒற்றுமையே இல்லை. ஆனால் 2014இல் ஆய்வகத் தோல் மாதிரிகளில் சோதித்தபோது, அது இயக்கிய மரபணுக்களின் வரிசை ரெட்டினால் இயக்குவதை வெகுவாக ஒத்திருந்தது. பிறகு மனிதர்களிடம் ஒரு சோதனை நடந்தது. 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவினர் 0.5 சதவீதப் பகுச்சியாலை நாளுக்கு இருமுறையும் மறு பிரிவினர் 0.5 சதவீத ரெட்டினாலை ஒருமுறையும் பூசினார்கள். சுருக்கம், கருமை இரண்டிலும் இரு பிரிவுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பலன். ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் உரிதலும் எரிச்சலும் அதிகம். 44 பேர் சிறிய எண்ணிக்கைதான். டிரெட்டினாயினுக்குப் பின்னால் நிற்கும் நாற்பது ஆண்டுச் சான்றுகளோடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் ரெட்டினால் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு இது நேர்மையான மாற்று.

அப்படியானால் விதையையே அரைத்துப் பூசினால் என்ன? அந்த விதைக்குள் இன்னொரு மூலக்கூறும் இருக்கிறது: சொராலென். வெறும் 186 டால்டன். தோலுக்குள் எளிதாக இறங்கும். இறங்கி, டிஎன்ஏவின் இரு இழைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு காத்திருக்கும். இருட்டில் அதனால் தொல்லை இல்லை. யுவி-ஏ பட்டதும் அது இரு இழைகளையும் சேர்த்துப் பிணைத்துவிடுகிறது. செல் சாகிறது, தோல் வீங்கிக் கொப்புளிக்கிறது. ஆறிய பின் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெண்புள்ளிக்கு இந்த விதை பயன்பட்டதும் இதே பண்பால்தான்: சொராலெனும் வெயிலும் சேர்ந்து நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. நவீன மருத்துவம் 1970களில் இதையே அளவிட்ட மருந்தாகவும் அளவிட்ட யுவி-ஏ விளக்காகவும் மாற்றி, சொரியாசிஸ் என்னும் செதில் நோய்க்குச் சிகிச்சையாக்கியது.

ஆக, ஒரே விதையில் ஒரு மூலக்கூறு வெயிலின் சேதத்தைக் குறைக்கிறது, இன்னொன்று வெயிலின் சேதத்தைப் பல மடங்காக்குகிறது. குப்பியில் இருக்கும் பகுச்சியால் சொராலென் நீக்கிச் சுத்திகரிக்கப்பட்டது. பொட்டலத்தில் இருப்பதில் இரண்டும் உண்டு. வாரம் ஒருமுறை நலங்கு மாவில் ஒரு பங்காகச் சேர்ந்து, பூசிய சிறிது நேரத்தில் நன்றாகக் கழுவிவிடும் பொடியால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லாமல் போகலாம். ஆனால் கார்போக அரிசிப் பொடியை எண்ணெயில் குழைத்து முகத்தில் வைத்துக்கொண்டு, குறியீடு 11 காட்டும் வெயிலில் இறங்கக் கூடாது. மூலிகை என்பதால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் இரசாயனம் என்பதால் கெடுதல் என்ற அச்சமும் இந்த விதையின் முன் பொருளற்றுப் போகின்றன.

தேக்கா சந்தையின் கீரைக் கடைகளில் வல்லாரை கட்டுக்கட்டாக இருக்கும். மலாய்க்காரர்கள் அதைப் பெகாகா என்று வாங்குவார்கள். கொரிய கிரீம்கள் சிக்கா என்று எழுதி விற்பதும் இதன் சாரத்தையே. இதிலுள்ள ஏசியாட்டிகோசைடு காயம் ஆறவும் கொலாஜன் உருவாகவும் உதவுவது செல் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆனால் அது ஏறக்குறைய 959 டால்டன், 500ஐத் தாண்டியது. அதனால் சிவப்பைத் தணிக்கும் துணைப்பொருளாக வல்லாரைக் கிரீமை நம்பலாம், சுருக்கத்துக்கு நம்பி ஏமாற வேண்டாம். அதிமதுரத்தின் கிளாப்ரிடின், மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது; கருமைக்கு அது மிதமாக உதவும்.

கருமைக்கு நான் முதலிடம் கொடுப்பது நியாசினமைடுக்கு. வைட்டமின் பி3யின் வடிவம், 122 டால்டன், விலை மலிவு, எரிச்சல் அரிது. மெலனின் உருவாவதை அது தடுப்பதில்லை. உருவான நிறமிப் பொதிகள் நிறமிச் செல்லிலிருந்து அண்டைச் செல்களுக்குக் கைமாறுவதைத்தான் தடுக்கிறது. 2002இல் வெளியான செல் ஆய்வில் இந்தக் கைமாற்றம் 35 முதல் 68 சதவீதம்வரை குறைந்தது. மனிதர்களிடம் 5 சதவீதக் கிரீம் சில வாரங்களில் திட்டுகளை மங்கச் செய்கிறது. நிறுத்தினால் அவை திரும்பும்.

வைட்டமின் சி கொலாஜன் இழைகளை முறுக்கும் நொதிகளுக்குத் துணைப்பொருள். அது இல்லாவிட்டால் கொலாஜன் நிலைக்காது, ஸ்கர்வி நோயில் ஈறு கசிவது அதனால்தான். ஆனால் தோல்வழியே அதைச் செலுத்துவது கடினம். கரைசலின் பிஎச் 3.5க்குக் கீழே இருந்தால்தான் உள்ளே போகும், 20 சதவீதத்துக்கு மேல் கூட்டியும் பயனில்லை என்று டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001இல் கண்டது. 2005இல் அதே குழு வைட்டமின் சி, ஈ கலவையோடு தவிட்டிலும் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தது. வெயிலிலிருந்து அந்தக் கலவை தந்த பாதுகாப்பு இரட்டிப்பானது. சிங்கப்பூரின் வெப்பத்தில் இந்தச் சீரம் எளிதில் கெடும். சீரம் பழுப்பேறினால் வைட்டமின் சிதைந்துவிட்டது என்று பொருள்; எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து சொல்லப் போவது என்னைக் கவலைப்பட வைக்கும் விஷயம். ஊரிலிருந்து வருபவர்கள் பெட்டியில் களிம்புக் குழாய்கள் கொண்டுவந்து உறவினருக்குக் கொடுப்பது வழக்கம். முகம் பளிச்சென்று ஆகும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் அவற்றில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பும் உண்டு. மங்குக்காக மருத்துவர் குறிப்பிட்ட வாரங்களுக்கு எழுதித் தரும் மருந்து அது. மாதக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு கொலாஜன் உருவாக்கத்தையே முடக்கும். தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தியதும் முகம் எரிந்து சிவக்கும். இளமைக்காகப் பூசிய பொருள் தோலை முதுமையாக்கிவிடுகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாகவே பெயரிட்டுப் பதிவு செய்து போராடியிருக்கிறார்கள். 2018இல் இந்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது.

பாதரசம் இதைவிட மோசம். டைரோசினேஸை முடக்கி நிறத்தை மங்கச் செய்யும் அதே பாதரசம் தோல்வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆசியான் விதிப்படி அழகுசாதனத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைப் பலமுறை கண்டுபிடித்துப் பெயர் சொல்லி எச்சரித்திருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: 2008 முதல் நடப்பிலுள்ள முறைப்படி, அழகுசாதன நிறுவனம் தன் பொருளை ஆணையத்திடம் பதிந்து தெரிவிக்கிறது, விற்பனைக்கு முன் ஆணையம் அதைச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. சில நாள்களிலேயே முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம் எதுவானாலும் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவதுதான் சரி. பலதுறை மருந்தகத்தில் காட்டினால் மாண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று உள்ள முதுமைத் தடுப்புப் பொருள் சன்ஸ்கிரீன்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்னும் ஊரில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோலில், விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவான மூப்பு. 2013இல் வெளிவந்த அந்த முடிவுக்கு இணையான நீண்ட சோதனை எந்தச் சீரத்துக்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. ஆனால் குப்பியில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் அந்த அளவு வரும். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களின் முகங்களை நான் கவனித்துப் பார்ப்பதுண்டு. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் வெயிலில் நிற்கும் முப்பது வயது இளைஞரின் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் படிந்திருக்கும் கருமை, அலுவலகத்தில் இருப்பவருக்கு ஐம்பதில்தான் வரும். முதுமைத் தடுப்பு விளம்பரங்கள் எதுவும் இவர்களைப் பார்த்துப் பேசுவதில்லை. வியர்வையில் சன்ஸ்கிரீன் வழிந்துவிடும், இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூச வேலைத்தளத்தில் நேரமும் இருக்காது. தலைக்கவசத்தின் பின்னே தொங்கும் துணி, நீண்ட கை, கழுத்தையும் கன்னத்தையும் மூடும் முகத்துணி இவைதான் அவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு. இவற்றை முதலாளிகள் கையுறையைப் போலவே கட்டாயமாக வழங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் நிறத்தோருக்கு இன்னும் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே மாநிறத் தோலைக் கருக்கச் செய்யும், வெளுத்த தோலை அவ்வாறு செய்வதில்லை என்பதை 2010இல் டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் காட்டினார்கள். வழக்கமான சன்ஸ்கிரீன் புற ஊதாவைத் தடுக்கிறது, இந்த ஒளியை விட்டுவிடுகிறது. இதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது செம்மண்ணுக்கும் காவிக்கும் நிறம் தரும் அதே சேர்மம். அது கலந்த சன்ஸ்கிரீன் நிறமூட்டியதாக, தோல் நிறத்தில் வரும். மங்கு உள்ளவர்கள் வெள்ளைக் கிரீமை விட்டு இதற்கு மாறினால் பலன் கூடுதல். கடை அலமாரியில் இருக்கும் நிறங்கள் பெரும்பாலும் நமக்கு வெளிறியவை; தாடையோரத்தில் தடவி, கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் பூத்தது போல் தெரிந்தால் அடுத்த அடர்நிறத்தைக் கேட்டு வாங்குங்கள்.